சாவா மூவா ஆடுகள்: கரிசலிலிருந்து வீடியோ கேம்களை வாசித்தல்

1

வீடியோ கேம் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கக்கூடும். சினிமாவைப் பற்றியும் ஒருகாலத்தில் இதையேதான் கேட்டோம். எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஓர் அரசியல் பிரதியாக வாசித்துக் காட்டினார். வெகுசனம் எதில் மூழ்கிக் கிடக்கிறதோ அங்கேதான் அதிகாரம் தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது என்பது இன்று நமக்குப் பழகிப்போன வாய்பாடு. சரி, இன்றைக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலோ, திருச்சுழி போகிற டவுன் பஸ்ஸிலோ பதினாறு பதினேழு வயசுப் பையன்கள் எதில் மூழ்கிக் கிடக்கிறார்கள்? கையில் செல்போன், அதில் ஒரு ஆட்டம். நாம் இன்னமும் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஆய்வாளன் இல்லை. பொழுதுபோக்காக ஆடுகிறவன். புதுசாக வருகிற ஆட்டங்களைக் காசு கொடுத்தோ இரவல் வாங்கியோ ஆடிப் பார்த்து, வரப்போகிறவற்றின் முன்னோட்டங்களைப் பார்த்து, 'இது தேறும், இது தேறாது' என்று நண்பர்களிடம் அபிப்பிராயம் சொல்லித் திரிகிறவன். அந்த அபிப்பிராயங்களுக்குள் ஒரு வரலாற்றுக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை. கேள்வி இதுதான்: ஓர் ஆட்டத்தில் வரலாறு எங்கே இருக்கிறது? படத்திலா, கதையிலா, விதியிலா?

விதியில் என்பது என் பதில். படம் மேல்தோல். கதை உடுப்பு. எதைச் செய்தால் என்ன கிடைக்கும், எதைச் செய்யவே முடியாது, யார் கையில் கட்டளை, யார் வெறும் எண்ணிக்கை என்று தீர்மானிப்பது விதி. ஆட்டக்காரன் கதையை நம்ப வேண்டியதில்லை. விதிக்குக் கீழ்ப்படிந்தால் போதும். கீழ்ப்படியக் கீழ்ப்படிய அது பழக்கமாகிறது. பழக்கமாகிவிட்ட பிறகு அது கருத்தியல் என்றே தெரிவதில்லை.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் 1904இல் 'தி லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற பலகை ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நிலத்தை வளைத்துப் போட்டவன் வாடகை வாங்கியே மற்றவர்களை எப்படி ஓட்டாண்டியாக்குகிறான் என்பதை ஆடுகிறவர்களுக்கு விளங்கவைப்பது அவர் நோக்கம். செல்வம் உண்டானால் எல்லோருக்கும் பங்கு என்று இன்னொரு விதித்தொகுப்பையும் அவர் வைத்திருந்தார். பிறகு, 1935இல், பார்க்கர் பிரதர்ஸ் 'மோனாபலி'யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே நிலம், அதே வாடகை, அதே ஓட்டாண்டி. பங்கு வைக்கிற விதி மட்டும் காணாமல் போய்விட்டது. கண்டனமாகப் பிறந்தது கொண்டாட்டமாகிவிட்டது. கோடை விடுமுறையில் நாமெல்லாம் பம்பாயையும் கல்கத்தாவையும் வாங்கி விற்ற 'டிரேட்' அட்டை அந்த வம்சத்துப் பிள்ளைதான்.

2

வீடியோ கேமுக்கு வருமுன் கொஞ்சம் கல்வெட்டுப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. காரணம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் பள்ளிமடம் என்று ஓர் ஊர். அங்குள்ள சிவன் கோயில் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' பதினான்காம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. பல, பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவை. 'சோழன் தலைகொண்ட' என்ற பட்டத்தோடு வருகிற வீரபாண்டியன் பெயரிலும் கல்வெட்டுகள் உண்டு. பட்டம் பயங்கரமாக இருக்கிறது, ஆனால் கல்வெட்டுகள் பேசுகிற விஷயம் பெரும்பாலும் ஆடு. இன்னார் இந்தக் கோயிலுக்கு நந்தா விளக்கு ஒன்றுக்கு இத்தனை ஆடு கொடுத்தார், அம்புட்டுத்தான்.

இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு மொழியில் ஒரு பெயர்: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு. கோயில் ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைக்கும். அவர் நாள் தவறாமல் விளக்குக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகள் பிறக்கும், மந்தை தன்னை ஈடுகட்டிக்கொள்ளும். ஆகவே கோயில் கணக்கில் எண்ணிக்கை என்றைக்கும் குறையாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் இதை ஒரு முழு அட்டவணையாகவே கல்லில் ஏற்றிவைத்தான். ஒரு விளக்குக்கு 96 ஆடு. அல்லது 48 பசு. அல்லது 16 எருமை. எதை வாங்கினாலும் நாளொன்றுக்கு உழக்கு நெய். இரண்டு ஆட்டுக்கு ஒரு பசு, மூன்று பசுவுக்கு ஓர் எருமை. இன்றைக்கு எந்த வியூக ஆட்டத்தைத் திறந்தாலும் இப்படியொரு மாற்றுவிகித அட்டவணைதான் முதலில் கண்ணில் படும்: இத்தனை மரத்துக்கு இத்தனை பொன், இத்தனை உணவுக்கு ஒரு வீரன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அரசு தன் குடிகளை இப்படித்தான் எண்ணிப் பார்த்திருக்கிறது.

இந்த விதியில் எது இல்லை என்று பாருங்கள். மழை இல்லை. ஆறு ஓடுகிற காவிரிப் படுகையில் மந்தை தன்னை ஈடுகட்டிக்கொள்ளும் என்பது ஓரளவு நடக்கிற காரியம். வானம் பார்த்த பூமியில் கதை வேறு. குண்டாறு வருஷத்தில் சில நாள் ஓடினால் பெரிசு. கம்மாய் நிறைந்தால் வெள்ளாமை, நிறையாவிட்டால் நிலம் பாளம்பாளமாக வெடிக்கும். அப்போது ஆடு சாகத்தான் செய்யும். சாவா மூவா என்று கல்லில் வெட்டியிருப்பது ஆட்டுக்குத் தெரியாது. கணக்குக்கும் மந்தைக்கும் நடுவில் விழுகிற அந்தப் பள்ளத்தை யார் நிரப்பினார்கள்? கொடை கொடுத்தவர் இல்லை, கோயில் இல்லை. நெய் அளக்கக் கடமைப்பட்ட இடையர்தான்.

வறட்சியைக் கணக்கில் எடுக்காத கணக்கு இந்த மண்ணில் அந்த இடையரோடு முடியவில்லை. 1876-78 பஞ்சத்தை, தாது வருஷத்துப் பஞ்சத்தை, இங்கே பாட்டிகள் சொல்லக் கேட்டவர்கள் உண்டு. கந்துவட்டிக்காரர் நோட்டிலும் மழைக்கென்று ஒரு பத்தி கிடையாது. வானம் பொய்த்தால் அது வாங்கினவனுடைய தனிப்பட்ட குற்றம். சாவா மூவாக் கடன்.

3

இனி ஆட்டத்துக்கு வருவோம்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' 1999இல் வந்தது. 2019இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் உலகமெங்கும் ஆடப்படுகிறது. பல களங்களில் தொடக்கமே ஆட்டில்தான். ஊர்மையத்தைச் சுற்றி ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். மேய்ப்பவர் யாரும் கிடையாது. உங்கள் ஆள் யாராவது அதன் பக்கத்தில் போனால் போதும், ஆடு உங்கள் நிறத்துக்கு மாறிவிடும். முதலில் பார்த்தவனுக்கு ஆடு சொந்தம். எதிராளியின் ஆள் உங்கள் காவலில்லாத ஆட்டைப் பார்த்துவிட்டால் அவனுக்குச் சொந்தம். வெட்டினால் ஒரு ஆட்டுக்கு 100 உணவு. குட்டி போடாது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிறகு 60 மரம் செலவழித்து ஒரு வயல் போடலாம், அதிலிருந்து 175 உணவு எடுக்கலாம். வயல் தீர்ந்தால் மறுபடி மரம். பூமத்திய ரேகையிலும் சரி, பாலைவனக் களத்திலும் சரி, விளைச்சல் மாறாது. மழை பெய்யாது, பொய்க்காது. கரிசல் காட்டில் பிறந்த எவனுக்கும் முதல் ஆட்டத்திலேயே இது உறுத்தும். சம்சாரியின் வாழ்வையே தீர்மானிக்கிற ஒன்றை எடுத்துவிட்டு மிச்சத்தை 'பேரரசுகளின் யுகம்' என்கிறார்கள்.

இந்த ஆட்டத்தில் 'இந்தியர்' என்ற நாகரிகம் 2013இல் வந்தது. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் வெளியானபோது அதை உடைத்து இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளிகள், திராவிடர் என்று நான்காக்கினார்கள். திராவிடர்! கால்டுவெல் 1856இல் மொழிக்குடும்பத்துக்குச் சூட்டிய பெயர், 1944இல் சேலத்தில் ஓர் இயக்கம் தன் பெயராக்கிக்கொண்ட சொல், இப்போது உருமி வாள் சுழற்றும் வீரனையும் திரிசடை என்ற போர்க்கப்பலையும் வைத்திருக்கிற ஓர் ஆட்டக்கட்சி. அவர்களுக்கென்று ஒரு கதைத்தொடரும் உண்டு. கதாநாயகன் ராஜேந்திர சோழன்.

ஆடுகிறவனாகச் சொல்கிறேன்: நல்ல தொடர், அலுக்காது. ஆட்டத்தில் வேலையாட்கள் தமிழில் பதில் சொல்வதைக் கேட்டபோது எனக்கும் ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகன் ஒரு கேள்வி கேட்டான்: "சித்தப்பா, இதுல நம்ம யாரு?" வரலாற்றின்படி பார்த்தால் நம் ஊரின் பாண்டியநாடு ராஜேந்திரன் பிடித்து அடக்கிய நாடு. மதுரையில் தன் மகனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு உட்காரவைத்து ஆண்டான். அப்படியானால் 'சோழன் தலைகொண்ட' என்று வெட்டிய பள்ளிமடத்துக் கல்லுக்கு இந்தத் திராவிட ஒற்றுமையில் இடம் எங்கே? சரி, பாண்டியனைக் கதாநாயகனாக்கினால் தீர்ந்துவிடுமா? தீராது. கல்லில் பாண்டியனின் பட்டம் ஒரு வரி, ஆடு மீதி வரி. ஆட்டத்தில் எந்த அரசனை மாட்டினாலும் விதி அதேதான்: மரம் வெட்டு, ஆட்டை அடி, படை திரட்டு, எதிரியை அழி.

ஆங்கிலத்தில் இந்தவகை ஆட்டங்கள் சிலவற்றுக்கு 'நான்கு எக்ஸ்' என்று பெயர். ஆலன் எம்ரிச் என்ற விமர்சகர் 1993இல் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது வைத்தது. தேடிப் போ, விரிந்து பரவு, சுரண்டு, ஒழித்துக்கட்டு. காலனியத்தின் வரலாற்றை நாலே வினைச்சொல்லில் இத்தனை வெளிப்படையாக எழுதியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். எழுதியவர் அதைப் பாராட்டாக எழுதினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இந்த வகைமையின் பேர்போன தொடர் 1991இல் தொடங்கிய 'சிவிலைசேஷன்'. இந்தியா என்றால் காந்தி என்றிருந்த அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டம், 2025 பிப்ரவரியில் வெளியானது, மௌரியர், சோழர், முகலாயர் என்று யுகத்துக்கு ஒருவராகப் பிரித்திருக்கிறது. சோழர் வருவது 'தேடிப் போகும் யுக'த்தில். தமிழன் உலக ஆட்டத்துக்குள் நுழைய வேண்டுமானால் கப்பலேறிப் படையெடுத்தவனாகத்தான் நுழைய முடியும் போலிருக்கிறது. சும்மா இருந்தவனுக்கு, உழுதவனுக்கு, நெய்தவனுக்கு, நெய் அளந்தவனுக்கு அனுமதிச் சீட்டு இல்லை.

ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனசில்லை. 2022 விரிவாக்கத்தில் கூர்ஜரருக்கு ஒரு தனிச்சலுகை: அவர்கள் ஆட்டை வெட்டாமல் மாவாலைக்குள் அடைத்துவைக்கலாம். அடைத்த ஆடு சாகாது, கிழடாகாது. உணவு மட்டும் சொட்டுச்சொட்டாக வந்துகொண்டேயிருக்கும். பள்ளிமடத்துச் சாவா மூவாப் பேராடு அப்படியே வந்து நிற்கிறது! ஆட்டத்தை உருவாக்கியவர்கள் நம் கல்வெட்டுகளை மனசில் வைத்து இதைச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அரசின் கண்ணால் நிலத்தைப் பார்க்கிற எவரும், பத்தாம் நூற்றாண்டானாலும் இருபத்தோராம் நூற்றாண்டானாலும், ஒரே விதிக்குத்தான் வந்து சேர்கிறார்கள் என்கிறேன். இரண்டிலுமே மறைந்துபோகிறவர் ஒருவர்தான், மேய்ப்பவர். கல்வெட்டிலாவது சில இடங்களில் இடையரின் பெயர் இருக்கிறது. தஞ்சையில் வரிசையாகவே வெட்டியிருக்கிறார்கள். ஆட்டத்தில் அதுவும் இல்லை.

4

விதிகளைப் பற்றிச் சொன்னேன். ஆடினவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் வீடியோ கேமின் வரலாறு கணினியிலிருந்து தொடங்கவில்லை. ஜப்பானில் நிண்டெண்டோ 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஃபேமிகாம்' பெட்டியின் நகல்கள் தொண்ணூறுகளில் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. 'டி.வி. கேம்' என்போம். மஞ்சள் கேசட்டைச் சொருகினால் மரியோ, கான்ட்ரா. வாங்க வசதியுள்ளவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் மணிக்கணக்கு வாடகைக்கு ஆடினோம். தறிச்சத்தம் கேட்கிற தெருக்களில், கேபிள் டி.வி. வந்த கொஞ்ச காலத்திலேயே, அந்தச் சத்தத்தோடு இந்தச் சத்தமும் கலந்தது. பிறகு பிரவுசிங் சென்டர்கள். 2002இல் வெளியான 'வைஸ் சிட்டி'யை உலகமே ஆடியது, நாங்களும் ஆடினோம். பணம் கொடுத்து அசல் வாங்கினவர் எவரும் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தியாவில் வீடியோ கேம் பரவிய வரலாற்றில் பெரும்பகுதி திருட்டுப்பிரதியின் வரலாறுதான். அதை ஒழுக்கக்கேடாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொது நூலகம் இல்லாத இடத்தில் இரவல் புத்தகம் மாதிரி அது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையம் மலிவானது. 2018இல் 'பப்ஜி மொபைல்'. ஒரு தீவில் நூறு பேர் இறங்கி, கடைசி ஆள் மிஞ்சும்வரை சுடுகிற ஆட்டம். வேப்பமரத்தடியில் நாலு பையன்கள் நாலு செல்போனோடு, ஒருவன் அருப்புக்கோட்டையில் மில் ஷிப்டு முடித்தவன், ஒருவன் பாலிடெக்னிக், ஒருவன் சிவகாசிக்கு வேலைக்குப் போகிறவன். ஒன்றாகக் குதித்து, ஒருவரையொருவர் தூக்கிவிட்டு, கடைசி வட்டத்துக்குள் ஓடுவார்கள். அந்தத் தீவில் யாரும் யாரிடமும் "எந்தத் தெரு" என்று கேட்பதில்லை. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பெரிய விடுதலை என்றும் சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் அவரவர் தெருவுக்குத்தான் திரும்பினார்கள்.

2020 செப்டம்பர் 2ஆம் தேதி எல்லைத் தகராறைத் தொடர்ந்து 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜியும் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பியது. 2022 ஜூலையில் மறுபடி அகற்றப்பட்டது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் தடையானது. இந்தத் தடைகளில் ஒன்றுகூட ஆட்டத்தின் விதியைப் பற்றியதல்ல. செயலி எந்த நாட்டுக்காரனுடையது, நம் தகவல் யாரிடம் போகிறது என்பதைப் பற்றியது. முதலில் பார்த்தவனுக்கு ஆடு சொந்தம் என்றேனே, அதுதான் இங்கேயும் சண்டை. ஆடு யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

காசு வைத்து ஆடும் ரம்மி வேறு விவகாரம், ஆனால் இதே செல்போனில்தான் நடந்தது. ரம்மியில் திறமை மேலோங்கியது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. குதிரைப் பந்தயத்தைப் பற்றி 1996இல், நம் மாநிலத்து வழக்கிலேயே, அப்படித்தான் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புகளின் நிழலில் இணைய ரம்மி வளர்ந்தது. கடன்பட்டுத் தற்கொலைகள் நடந்தன. தமிழ்நாடு 2021 பிப்ரவரியில் ஒரு சட்டம் செய்தது. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் மறுபடி சட்டமுன்வரைவு. ஆளுநர் அதைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு ரம்மி, போக்கரைப் பட்டியலிலிருந்து விலக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம்வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் முழுவதையும் தடைசெய்து சட்டம் இயற்றியது.

இத்தனை வருஷமும் நீதிமன்றங்களில் நடந்த வாதம் ஒன்றுதான்: திறமையா, அதிர்ஷ்டமா? இந்தக் கேள்வியே போதாது என்பது என் எண்ணம். திண்ணையில் உட்கார்ந்து ரம்மி ஆடும்போது சீட்டைக் கலைக்கிற கை நம் கண்முன்னால் இருக்கிறது. தாயக்கட்டையை உருட்டுகிறவன் எதிரே இருக்கிறான். செல்போன் ரம்மியில் கலைக்கிற கை தெரியாது. விதி ஆட்டக்காரனுக்கு மறைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் ஆட்டக்காரனுடைய பழக்கம் விதியை வைத்திருக்கிறவனுக்கு வெட்டவெளிச்சம். அவன் எத்தனை மணிக்கு ஆடுகிறான், எப்போது தோற்று எப்போது திரும்ப வருகிறான் எல்லாமே கணக்கு. விதியைப் பார்க்க முடியாத இடத்தில் திறமை என்ற சொல்லுக்கு என்ன பொருள்? விதி யாருக்குத் தெரிகிறது என்பதுதான் அரசியல் கேள்வி.

5

இனி வரப்போகிறவை, அண்மையில் வந்தவை பற்றி என் அபிப்பிராயங்கள்.

இந்தியாவில் உருவாகிற ஆட்டங்கள் பெருகிவருகின்றன, சந்தோஷம். புனேயில் உருவான 'ராஜி' 2020இல் வந்தது. தம்பியைத் தேடிப்போகிற பெண்பிள்ளை, அசுரர்களோடு சண்டை, துணைக்குத் துர்க்கையும் விஷ்ணுவும். கண்ணுக்கு அழகு. சண்டை கொஞ்ச நேரத்தில் ஒரே மாதிரியாகிவிடுகிறது. அதே புனேயிலிருந்து 2024 அக்டோபரில் 'இண்டஸ்'. பப்ஜியின் விதிகளுக்குச் சிந்துவெளிப் பெயரும் எதிர்கால உடுப்பும் போட்டது. பெயரை எடுத்துவிட்டால் சிந்துவெளி அதில் எங்கேயும் இல்லை. 2025இல் அறிவிக்கப்பட்ட 'தி ஏஜ் ஆஃப் பாரத்' இன்னும் பெரிய ஏற்பாடு. எழுத்தாளர் அமீஷ் திரிபாதியும் அமிதாப் பச்சனும் பின்னணியில் இருக்கிறார்கள். காட்டியவரையில் புராண அதிரடி.

புராணத்தைத் தொடக்கூடாது என்று சொல்ல மாட்டேன். 'இந்தியாவின் கதையை நாமே சொல்வோம்' என்று ஒருவர் கிளம்பும்போதெல்லாம் அந்த இந்தியா ஒரே தெய்வவரிசைக்குள் சுருங்கிப்போவது எப்படி என்றுதான் கேட்கிறேன். பள்ளிமடம் என்ற ஊர்ப் பெயரையே பாருங்கள். 'பள்ளி' என்பது சமணப் பள்ளி. வெண்பு நாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்று ஒரு பெரிய சமணக் கல்விக்கூடம் இந்தப் பக்கத்தில் இருந்தது. அதன் மாணாக்கர்கள் செய்வித்த சிற்பங்கள் மதுரைப் பக்கத்துச் சமணர்மலையில் இன்றும் அவர்கள் பெயரோடு இருக்கின்றன. பள்ளி போய்விட்டது. ஒரு மதம் இன்னொரு மதத்தின் கல்லை எடுத்துக் கட்டிக்கொண்டு வாழ்கிற நிலம் இது. வெறும் தேவாசுர யுத்தமாக எழுதப்படுகிற விதிக்குள் இந்த வரலாறு நுழையவே முடியாது. அங்கே எதிரி என்றால் அசுரன், அடித்தால் புள்ளி.

உலகம் காத்திருக்கிற 'ஜி.டி.ஏ. 6' பற்றியும் கேட்கிறார்கள். 2025 நவம்பரில் தேதியை 2026 நவம்பர் 19க்குத் தள்ளிவைத்தார்கள். முன்னோட்டங்களில் தெரிகிற நகரம் பிரமிக்கவைக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷமாக அந்தத் தொடரின் அடிப்படை வினை மாறவில்லை: எடு, ஓட்டு, சுடு, தப்பு. நகரம் எவ்வளவு பெரிதானாலும் நகரத்தோடு நாம் செய்யக்கூடியது அதுதான். படத்துக்குக் கொட்டுகிற பணத்தில் கொஞ்சத்தை வினைச்சொல்லுக்குச் செலவழித்தால் என்ன?

6

வேறு வினைச்சொற்கள் சாத்தியமா? சாத்தியம்தான், நடந்தும் இருக்கிறது.

டொராண்டோவிலிருந்து 2023 ஜூலையில் வந்த 'வெண்பா' ஒரு தமிழ்ப் பெண்ணின் அடுக்களை. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் நோட்டுப் புத்தகம் கிழிந்து அழிந்திருக்கிறது. ஆட்டக்காரன் செய்ய வேண்டியது, அழிந்த எழுத்தை ஊகித்து இட்லித் தட்டைச் சரியாக அடுக்குவது, புட்டுக்குழலில் மாவும் தேங்காயும் மாறிமாறிப் போடுவது. தோற்றால் மறுபடி செய்யலாம். வெல்வதற்கு யாரும் இல்லை. ஒன்றரை மணி நேர ஆட்டம், 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருது அதற்குத்தான் கிடைத்தது. சோழப் பேரரசு தர முடியாத ஒன்றை இது தருகிறது: தமிழ் வரலாற்றில் பெயரில்லாமல் கிடந்த ஓர் உழைப்பை விதியாக மாற்றியிருக்கிறது. கிழிந்த பிரதியை வாசிப்பதே இங்கே ஆட்டம்.

2013இல் லூகாஸ் போப் உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆட்டத்தில் நீங்கள் எல்லைச்சாவடிக் குமாஸ்தா. முத்திரை குத்துவதுதான் வேலை. கருணை காட்டினால் சம்பளம் பிடிப்பார்கள், வீட்டில் பிள்ளை பட்டினி. போலந்தில் 2014இல் வந்த 'திஸ் வார் ஆஃப் மைன்' முற்றுகையிட்ட நகரத்தில் மாட்டிக்கொண்ட சாதாரண சனங்களின் ஆட்டம். சுடுகிறவனாக அல்ல, பட்டினி கிடக்கிறவனாக ஆட வேண்டும். போலந்து அரசு 2020இல் அதைப் பள்ளி மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது. முள்ளிவாய்க்காலைப் பற்றி இத்தனை கவிதை எழுதிய மொழியில் இப்படியொரு ஆட்டத்தை யாரும் கற்பனைகூடச் செய்யவில்லையே என்பது எனக்கு ஆதங்கம்.

கரிசலுக்கு ஓர் ஆட்டம் எப்படி இருக்கும்? என் மனசில் ஓடுவதைச் சொல்கிறேன். ஆடுகிறவர் ஒரு கீதாரி. கையில் மந்தை, கோயில் கணக்கில் ஓர் எண். அந்த எண் ஒருபோதும் மாறாது. மந்தை மாறிக்கொண்டேயிருக்கும். மழை எப்போது வரும் என்று திரையில் காட்டப்படாது. குண்டாற்றுக் கரையிலிருந்து மந்தையை நடத்திக் காவிரிப் படுகைவரை போகலாம். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கீதாரிகள் அப்படித்தான் போகிறார்கள். போகிற வழியில் கெடை போட யாருடைய காட்டில் இடம் கேட்பது? எந்தக் கிணற்றில் தண்ணீர் கேட்கலாம், எந்தத் தெரு வழியாக நடக்கலாம்? இதற்கெல்லாம் இந்த மண்ணில் எழுதாத விதி ஒன்று உண்டு, சாதி என்று பெயர். அந்த விதிக்குக் கீழ்ப்படிய மறுத்ததற்காக 1957இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். கீதாரி ஆட்டத்தில் அந்த விதி ஒளிந்திருக்கக்கூடாது. முட்டிக்கொள்ளும்போது ஆடுகிறவருக்கு வலிக்க வேண்டும். முட்டாமல் போகிற பிறப்பில் ஆடினால் அந்த விதி இருப்பதே தெரியக்கூடாது. ஒரே களத்தை இரண்டு பிறப்பில் ஆடவைத்தால் அதைவிடப் பெரிய கட்டுடைப்பு என்ன வேண்டும்?

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. 'ட்வைன்' என்ற கருவி 2009இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. எழுதத் தெரிந்தால் போதும், தமிழிலேயே எழுதலாம், கிளைபிரியும் கதையாக எந்தச் செல்போனிலும் ஓடும். 'கோடாட்' என்ற கட்டற்ற மென்பொருளில் படமும் அசைவும் சேர்க்கலாம். பட்டாசு ஆலைகளையும், சீமைக்கருவேலங் கரிமூட்டங்களையும், தறிக்குழிகளையும் கதையாக எழுதியிருக்கிறோம். அந்த இடங்களின் விதிகளை யாரும் இன்னும் எழுதவில்லை. கூலி எப்படிக் கணக்காகிறது, முன்பணம் எப்படி அடைபடாமலே இருக்கிறது, தீ எங்கிருந்து வருகிறது? ஒரு தொழிற்சங்கத் தோழருக்கு இது மனப்பாடமாகத் தெரியும். எழுத்தாளரும் அவரும் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தமிழில் 'ஆடு' என்பது மேய்கிற பிராணிக்கும் பெயர், விளையாடு என்கிற ஏவலும் அதுதான். ஆயிரம் வருஷமாக நம்மை முதல் பொருளில் எண்ணிக் கணக்கெழுதி வந்திருக்கிறார்கள். இப்போது அந்தக் கணக்கு கல்லிலிருந்து சர்வருக்கு மாறியிருக்கிறது. விதியை எழுதுகிற கருவி முதன்முறையாகக் கைக்கெட்டுகிற தூரத்தில் கிடக்கிறது. அரசர்களைத் தேர்ந்தெடுத்து ஆடப்போகிறோமா, விதியை எழுதப்போகிறோமா என்பதை அடுத்த தலைமுறைப் பையன்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.